பொத்தானுக்குப் பின்னால் ஒரு கை

அறுபதுகளின் பிற்பகுதியில் தொலைக்காட்சி வரலாற்றில் குறிப்பிடத்தக்க தருணங்கள் எவை, நிலவில் மனிதன் இறங்கியதைத் தவிர வேறு ஏதேனும் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். நிலவுக்குப் பிறகு வருவோம். முதலில் பெர்லினுக்குப் போவோம்.

1967 ஆகஸ்ட் 25. மேற்கு பெர்லினில் வானொலி, தொலைக்காட்சிக் கருவிகளின் கண்காட்சி. மேடையில் வில்லி பிராண்ட் நிற்கிறார்; அப்போது அவர் மேற்கு ஜெர்மனியின் வெளியுறவு அமைச்சர். அவருக்கு முன்னால் பெரிய சிவப்புப் பொத்தான் ஒன்று. அதை அவர் அழுத்தியவுடன் கறுப்பு வெள்ளை ஒளிபரப்பு வண்ணத்துக்கு மாற வேண்டும் என்பது ஏற்பாடு. பிராண்ட் கையைக் கொண்டுபோகிறார். பொத்தானை முழுதாக அழுத்துவதற்குள் திரையில் வண்ணம் வந்துவிட்டது! அந்தப் பொத்தான் வெறும் அலங்காரம். உண்மையான ஸ்விட்ச், மேடையில் இல்லாத ஒரு தொழில்நுட்பப் பணியாளரின் கையில் இருந்தது. அமைச்சரின் கை அசைவதைப் பார்த்ததும் அவர் கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டார்.

ஒளிபரப்புக் கட்டுப்பாட்டு அறையில் பல வருடம் உட்கார்ந்தவன் என்பதால் எனக்கு அந்தப் பெயர் தெரியாத மனிதர்மேல் ஒரு வாஞ்சை உண்டு. அந்த நான்கைந்து ஆண்டுகளில் நினைவில் நின்ற தருணங்கள் பெரும்பாலும் இப்படிப்பட்டவையே என்பது என் எண்ணம். திட்டமிட்டபடி நடந்த விழாக்களை உலகம் மறந்துவிட்டது. எந்தப் படம் போக வேண்டும், எது போகக் கூடாது, எப்போது மாற்ற வேண்டும் என்று திரைக்குப் பின்னால் முடிவு செய்யும் கை ஒரு கணம் வெளியே தெரிந்துவிட்ட சமயங்கள்தான் நின்றன. அதையே நூலாகப் பிடித்துக்கொண்டு சொல்கிறேன்.

வண்ணத்தைப் பற்றி இன்னும் இரண்டு வரி. ஐரோப்பாவில் ஜெர்மானியர்களை முந்திக்கொண்டது பிபிசி. அதன் இரண்டாம் அலைவரிசைக்கு அப்போது பொறுப்பாளராக இருந்தவர் டேவிட் ஆட்டன்பரோ, பின்னாளில் விலங்குகளோடு நாம் பார்த்துப் பழகிய அதே மனிதர். கைவசம் சில வண்ணக் கேமராக்களே இருந்தன. அவற்றை வைத்துக்கொண்டு 1967 ஜூலை 1 அன்று விம்பிள்டன் டென்னிஸை வண்ணத்தில் காட்டத் தொடங்கிவிட்டார். பிரான்ஸ் அக்டோபரில் வந்தது, தன் சொந்த 'சீக்காம்' முறையோடு. சோவியத் ஒன்றியமும் அதையே ஏற்றது. ஜெர்மானியப் பொறியாளர் வால்டர் புரூக் உருவாக்கிய 'பால்' முறை ஒரு பக்கம், பிரெஞ்சு முறை மறுபக்கம் என்று வண்ணத்திலும் ஐரோப்பா இரண்டுபட்டது. 1982இல் நம் நாட்டுக்கு வண்ணம் வந்தபோது நாம் எடுத்துக்கொண்டது புரூக்கின் முறையை.

அதே 1967 ஜூன் 25 அன்று 'நம் உலகம்' என்று பொருள்படும் பெயரில் ஒரு நிகழ்ச்சி நடந்தது. செயற்கைக்கோள்களைக் கோத்து, பல கண்டங்களிலிருந்து ஒரே நேரத்தில் நேரலை. அப்படியொன்றை அதற்கு முன் யாரும் செய்ததில்லை. 14 நாடுகள் தத்தம் பகுதியைத் தயாரித்துக் கொடுத்தன. இரண்டரை மணி நேரத்துக்கு ஓடியது. லண்டனில் பிபிசியின் கட்டுப்பாட்டு அறைதான் மையம். விதிகள் இரண்டு. எல்லாம் நேரலையாகவே இருக்க வேண்டும். அரசியல்வாதிகளும் நாட்டுத் தலைவர்களும் தலைகாட்டக் கூடாது. இரண்டாவது விதியை இன்று நினைத்தால் ஏக்கமாக இருக்கிறது. ஆனால் அரசியலை வாசலில் நிறுத்தினால் அது கொல்லைப்புறமாக வரும். அந்த மாதம்தான் அரபு நாடுகளுக்கும் இஸ்ரேலுக்கும் ஆறு நாள் போர் நடந்திருந்தது. மேற்கு நாடுகள் நடந்துகொண்ட விதத்தைக் கண்டித்து, நிகழ்ச்சிக்குச் சில நாட்களே இருக்கும்போது சோவியத் ஒன்றியமும் அதன் கூட்டாளி நாடுகளும் விலகிக்கொண்டன. 'நம் உலகம்' பாதி உலகமாகத்தான் ஒளிபரப்பானது. பிறந்த குழந்தைகளைக் காட்டித் தொடங்கினார்கள். பிரிட்டனின் பங்காக பீட்டில்ஸ் குழுவினர் லண்டன் பதிவுக்கூடத்தில் அன்பைப் பற்றிய புதுப் பாட்டு ஒன்றைப் பாடினார்கள். அந்த நிகழ்ச்சியில் இன்று எல்லோரும் நினைவில் வைத்திருப்பது அதை மட்டும்தான். நேரலை மட்டுமே என்று விதி இருந்தும், பின்னணி இசையின் ஒரு பகுதியை முன்கூட்டியே பதிவு செய்து வைத்திருந்தார்கள். அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. இத்தனை கோடிப் பேர் பார்க்கும்போது எந்த இசைத் தயாரிப்பாளரும் அதையே செய்வார்.

அந்த ஆகஸ்டில் அமெரிக்காவில் ஒரு தொடர் முடிந்தது. மனைவியைக் கொன்றதாகத் தவறாகத் தண்டிக்கப்பட்ட மருத்துவர் ஒருவர், உண்மையான கொலையாளியான ஒற்றைக்கை மனிதனைத் தேடி ஓடிக்கொண்டே இருக்கும் கதை. நான்கு ஆண்டு, 120 அத்தியாயங்கள். ஆகஸ்ட் 29 அன்று வந்த கடைசி அத்தியாயத்தைச் சுமார் 7 கோடியே 80 லட்சம் பேர் பார்த்தார்கள். அந்த நேரத்தில் ஓடிக்கொண்டிருந்த தொலைக்காட்சிப் பெட்டிகளில் 72 சதவீதம் அதில்தான் நின்றன. இதில் என்ன அதிசயம் என்றால், ஒரு தொடருக்கு முடிவு வேண்டும் என்ற எண்ணமே அப்போது புதிது. அதுவரை தொடர்கள் முடிந்ததில்லை, நின்றுபோயின. முடிவு சொல்லிவிட்டால் மறுஒளிபரப்புக்கு மவுசு இருக்காது என்பது வியாபாரக் கணக்கு. முடிக்க மனமில்லாமல் இழுக்கும் தொடர்களோடு காலம் தள்ளும் நமக்கு இந்தக் கணக்கு புரியாமல் போகாது.

இனி 1968. இந்த ஒரு வருடத்துக்கே தனிப் பதில் எழுதலாம்.

ஒரு கை ஒரு கையைத் தொட்டதிலிருந்து தொடங்குகிறேன். பிரிட்டிஷ் பாடகி பெட்டுலா கிளார்க் அமெரிக்கத் தொலைக்காட்சி நிறுவனமான என்பிசிக்காக ஒரு சிறப்பு நிகழ்ச்சி செய்தார். விருந்தினராக வந்தவர் கறுப்பினப் பாடகர் ஹாரி பெலஃபான்டே. இருவரும் சேர்ந்து போரைப் பற்றிய ஒரு பாட்டைப் பாடினார்கள். பாட்டின் உருக்கத்தில் பெட்டுலா இயல்பாக அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார். ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் விரல்கள், ஒரு கறுப்பின ஆணின் முன்கை. அவ்வளவுதான். நிகழ்ச்சிக்குப் பணம் கொடுத்த கார் நிறுவனத்தின் பிரதிநிதி பதறிவிட்டார். தென் மாநிலங்களில் விற்பனை என்னாவது? இருவரும் தள்ளி நின்று பாடிய வேறொரு பதிவைப் போடுங்கள் என்றார். பெட்டுலாவும், நிகழ்ச்சியின் தயாரிப்புப் பொறுப்பிலிருந்த அவருடைய கணவர் கிளாட் உல்ஃபும் மறுத்ததோடு நிற்கவில்லை. மற்ற பதிவுகளை அழித்தே விட்டார்கள். இனி இருப்பது இது ஒன்றுதான், வேண்டுமானால் போடுங்கள், இல்லாவிட்டால் விடுங்கள் என்றாகிவிட்டது. 1968 ஏப்ரலில் அது அப்படியே ஒளிபரப்பானது. மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டதும் அதே மாதம்தான்.

அதே வருடம் நவம்பர் 22 அன்று, அதே என்பிசியில், 'ஸ்டார் டிரெக்' விண்வெளித் தொடரில் கப்பல் தலைவர் கிர்க்கும் தகவல் தொடர்பு அதிகாரி உஹுராவும் முத்தமிட்டுக்கொள்ளும் காட்சி வந்தது. கிர்க்காக நடித்தவர் வெள்ளையரான வில்லியம் ஷாட்னர். உஹுரா, கறுப்பினத்தவரான நிச்செல் நிக்கோல்ஸ். இங்கும் நிறுவனம் முத்தமில்லாத மாற்றுப் பதிவு ஒன்று எடுத்துவைக்கச் சொன்னது. முத்தமில்லாத பதிவில் ஷாட்னர் வேண்டுமென்றே கேமராவைப் பார்த்துக் கண்ணை ஒன்றரைக் கண்ணாக்கிக் கெடுத்துவிட்டார் என்று நிக்கோல்ஸ் பின்னாளில் எழுதினார். ஒரு வருடத்தில் இரண்டு முறை, ஒரே தந்திரம். வெட்டுகிறவனுக்கு வெட்ட வேறு துணி இல்லாமல் செய்துவிடுவது! இவற்றை 'தொலைக்காட்சியில் முதல் தொடுதல்', 'முதல் முத்தம்' என்றெல்லாம் எழுதுவார்கள். 'முதல்' என்ற சொல்லைக் கொஞ்சம் சந்தேகத்தோடு பாருங்கள். அதற்கு முன்பும் சில நடந்திருக்கின்றன. திரைக்குப் பின்னால் நடந்த இழுபறிதான் இவற்றின் முக்கியத்துவம்.

பெட்டுலா நிகழ்ச்சியை இயக்கிய ஸ்டீவ் பிண்டர்தான் அதே ஆண்டு டிசம்பர் 3 அன்று வந்த எல்விஸ் பிரெஸ்லியின் நிகழ்ச்சியையும் இயக்கினார். விளம்பரதாரர் சிங்கர் தையல் இயந்திர நிறுவனம். எல்விஸின் மேலாளர் கேட்டது கிறிஸ்துமஸ் பாட்டுகள் நிறைந்த ஒரு சாதுவான நிகழ்ச்சி. பிண்டர் கொடுத்தது, கறுப்புத் தோல் உடையில் வியர்த்துக்கொண்டு, சிறிய மேடையில் பார்வையாளர்கள் சூழப் பாடிய எல்விஸ். நிகழ்ச்சியை முடித்துவைக்கக் கிறிஸ்துமஸ் பாட்டுக்குப் பதிலாக, கிங்கின் நினைவு தொனிக்கும் புதுப் பாட்டு ஒன்று வந்தது. ஏழெட்டு ஆண்டுகளாகச் சலிப்பூட்டும் சினிமாக்களில் தொலைந்திருந்த ஒரு பாடகர் ஒரே இரவில் திரும்பிவந்தார்.

வியட்நாம் போர் இல்லாமல் இந்தக் காலத்தைப் பேச முடியாது. என்பிசியின் போட்டியாளரான சிபிஎஸ் நிறுவனத்தில் ஸ்மதர்ஸ் சகோதரர்கள் என்ற இருவர் நகைச்சுவை நிகழ்ச்சி நடத்திவந்தார்கள். பார்த்தால் பரம சாது. பேச்சில் ஊசி இருக்கும். கம்யூனிஸ்ட் என்று முத்திரை குத்தப்பட்டுப் பதினேழு ஆண்டுகள் பெரிய நிறுவனங்களின் திரையில் இடமில்லாமல் இருந்த நாட்டுப்புறப் பாடகர் பீட் சீகரை 1967 செப்டம்பரில் அழைத்துவந்தார்கள். அவர் பாடியது, ஆற்றின் ஆழம் தெரியாமல் படைவீரர்களை 'முன்னே போ, முன்னே போ' என்று சேற்றில் தள்ளும் ஒரு தலைவனைப் பற்றிய பாட்டு. கதை நடப்பது 1942இல். ஆனால் அந்தத் தலைவன் அதிபர் லிண்டன் ஜான்சன்தான் என்பது குழந்தைக்கும் புரியும். நிறுவனம் அந்தப் பாட்டை வெட்டிவிட்டது. சகோதரர்கள் பத்திரிகைகளிடம் போய் முறையிட்டார்கள். ஐந்து மாதம் கழித்து, 1968 பிப்ரவரி 25 அன்று, சீகர் மறுபடி வந்து அதே பாட்டைப் பாடினார். இந்த முறை வெட்டவில்லை.

அந்த ஐந்து மாதத்தில் என்ன மாறியது? போர் மாறியிருந்தது. ஜனவரி இறுதியில் வடக்கு வியட்நாமும் வியட்காங் படைகளும் தெற்கு முழுவதும் ஒரே சமயத்தில் தாக்கின. பிப்ரவரி 1 அன்று தெற்கின் தலைநகர் சைகோன் தெருவில், கை கட்டப்பட்ட ஒரு கைதியைக் காவல்துறைத் தலைவர் நுயென் நொக் லோன் தலையில் சுட்டார். எட்டி ஆடம்ஸ் எடுத்த புகைப்படம் எல்லோருக்கும் தெரியும். அதே கணத்தை என்பிசியின் வியட்நாமிய ஒளிப்பதிவாளர் வோ சூ படச்சுருளில் பிடித்திருந்தார். அது மறுநாள் மாலைச் செய்தியில் வந்தது. அதிலும் ஒரு கத்தரி வேலை உண்டு. அவர் விழுந்த பிறகு இரத்தம் பீறிடுவதை அமெரிக்க வீடுகள் இரவுச் சாப்பாட்டு நேரத்தில் பார்க்க வேண்டாம் என்று தயாரிப்பாளர் முடிவைக் குறைத்துவிட்டார். அந்த இடத்தில் நானாக இருந்தாலும் குறைத்திருப்பேன் என்றே நினைக்கிறேன். அது சரியா என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

சீகர் பாடி இரண்டு நாள் கழித்து, பிப்ரவரி 27 அன்று, அதே சிபிஎஸ்ஸில் வால்டர் கிராங்கைட் வந்தார். அமெரிக்கா நம்பிய செய்தி வாசிப்பாளர். வியட்நாமுக்கு நேரில் போய்வந்து ஒரு சிறப்பு நிகழ்ச்சி செய்தார். இறுதியில், இது தன் சொந்தக் கருத்து என்று தெளிவாகச் சொல்லிவிட்டு, இந்தப் போர் யாருக்கும் வெற்றியில்லாத முட்டுச்சந்தில் நிற்கிறது, பேச்சுவார்த்தைதான் வழி என்றார். 'கிராங்கைட்டை இழந்தால் நடுத்தர அமெரிக்காவையே இழந்தேன்' என்று அதிபர் லிண்டன் ஜான்சன் அதைப் பார்த்ததும் சொன்னதாக ஒரு கதை சுற்றுகிறது. அழகான கதை. ஆனால் நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருந்தபோது ஜான்சன் டெக்சாஸில் ஆளுநர் கானலியின் பிறந்தநாள் விழாவில் இருந்தார். மார்ச் 31 அன்று ஜான்சன் தொலைக்காட்சியில் தோன்றி, மறுபடி தேர்தலில் நிற்கப் போவதில்லை என்று அறிவித்தது மட்டும் சத்தியமாக நடந்தது.

ஆகஸ்ட் 28 அன்று சிகாகோவில் ஜனநாயகக் கட்சி மாநாடு. உள்ளே வேட்பாளர் தேர்வு, வெளியே தெருவில் போலீஸ் தடியடி. 'உலகமே பார்க்கிறது' என்று அடிவாங்கிக்கொண்டே முழங்கினார்கள் இளைஞர்கள். உண்மையில் அந்த நிமிடம் உலகம் பார்க்கவில்லை. தொலைபேசி வேலை செய்யும் தொழிலாளர்களின் வேலைநிறுத்தத்தால், மாநாட்டு அரங்குக்கு வெளியிலிருந்து நேரலை கொடுக்க வசதி இல்லை. டேப்பும் படச்சுருளும் ஓட்டமாக ஓடி நிலையத்துக்கு வந்து, தாமதமாகத் திரைக்குப் போயின. அந்தத் தாமதம் ஒரு வினோதத்தைச் செய்தது. உள்ளே துணை அதிபர் ஹம்ஃப்ரியின் பெயரை முன்மொழியும் பேச்சுகள் நடக்கும்போது, நிறுவனங்கள் அதற்கு இடையில் தடியடிக் காட்சிகளைச் செருகின. பார்த்தவர்களுக்கு இரண்டும் ஒரே நேரத்தில் நடப்பது போல இருந்தது. இதன் விளைவு இன்னொரு வினோதம்: வந்த கடிதங்களில் பெரும்பாலானவை போலீஸைத் திட்டவில்லை, தொலைக்காட்சியைத் திட்டின. மூன்று வாரம் கழித்து எதிர்க்கட்சி வேட்பாளர் நிக்சன் ஒரு நகைச்சுவை நிகழ்ச்சியில் சில நொடி தலைகாட்டி, அந்த நிகழ்ச்சியின் பிரபலமான கேலி வசனத்தைச் சொல்லிவிட்டுப் போனார். ஹம்ஃப்ரியையும் அழைத்தார்கள், அவர் வரவில்லை. நவம்பரில் நிக்சன் மயிரிழையில் வென்றார். காரணம் அது என்று நான் சொல்ல மாட்டேன்.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த சம்பவம். 1968 நவம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. ஓக்லண்டில் நியூயார்க் ஜெட்ஸ் அணிக்கும் ஓக்லண்ட் ரெய்டர்ஸ் அணிக்கும் அமெரிக்கக் கால்பந்து ஆட்டம், என்பிசியில் நேரலை. கிழக்கு அமெரிக்க நேரப்படி இரவு 7 மணிக்கு, ஆல்ப்ஸ் மலையில் தாத்தாவோடு வாழும் 'ஹைடி' என்ற சிறுமியின் கதையைப் படமாக எடுத்து, பெரிய விளம்பரத்தோடு போடவிருந்தார்கள். கடிகார நிறுவனம் ஒன்று முழு நேரத்தையும் வாங்கியிருந்தது. ஆகவே கண்டிப்பான உத்தரவு: மணி ஏழானால் ஹைடி. வாங்கியது கடிகாரக்காரர் ஆயிற்றே, நேரம் தவறலாமா?

ஆட்டம் இழுத்துக்கொண்டே போனது. ஏழு மணி நெருங்கும்போது ஜெட்ஸ் 32, ரெய்டர்ஸ் 29. மிச்சம் 65 நொடி. மேலதிகாரிகளுக்கே மனம் மாறிவிட்டது. ஆட்டம் முடியட்டும், ஹைடி காத்திருக்கட்டும் என்று முடிவெடுத்து, ஸ்விட்சில் இருந்த டிக் கிளைனுக்குச் சொல்லத் தொலைபேசியை எடுத்தார்கள். இணைப்பு கிடைக்கவில்லை. 'ஆட்டத்தை நிறுத்திவிடாதீர்கள்' என்று கெஞ்சுகிறவர்களும், 'குழந்தைகள் காத்திருக்கிறார்கள், ஹைடி சரியாக ஏழுக்கு வருமா' என்று கேட்கும் தாய்மார்களும் சேர்ந்து நிறுவனத்தின் தொலைபேசி இணைப்பகத்தையே அடைத்துவிட்டிருந்தார்கள். கிளைனுக்குப் புது உத்தரவு எதுவும் வரவில்லை. பழைய உத்தரவு தெளிவாக இருந்தது. சரியாக ஏழுக்கு மாற்றினார்.

ஓக்லண்டில் என்ன நடந்தது தெரியுமா? ரெய்டர்ஸ் ஒன்பது நொடி இடைவெளியில் இரண்டு முறை கோட்டைக் கடந்து 43–32 என்று வென்றுவிட்டார்கள். நாட்டின் பாதி அதைப் பார்க்கவில்லை. மலைச்சரிவில் ஒரு சிறுமியைப் பார்த்துக்கொண்டிருந்தது. கோபமான அழைப்புகளின் சுமை தாங்காமல் இணைப்பகத்தின் ஃபியூஸ்கள் எரிந்தன. சரி, முடிவையாவது சொல்வோம் என்று திரையின் அடியில் எழுத்து ஓடவிட்டார்கள். எந்த நேரத்தில்? ஹைடியின் நடக்க முடியாத தோழி கிளாரா சக்கர நாற்காலியை விட்டு எழுந்து முதல் அடி வைக்கும் உருக்கமான கட்டத்தில்! ஆட்ட ரசிகர்களின் சாபம் போதாதென்று, கண்ணீரோடு உட்கார்ந்திருந்த ஹைடி ரசிகர்களின் சாபத்தையும் வாங்கிக்கட்டிக்கொண்டார்கள். ஜெட்ஸ் பயிற்சியாளரின் மனைவி, வெற்றிக்கு வாழ்த்துச் சொல்லக் கணவருக்குத் தொலைபேசி செய்தார் என்று ஒரு கதையும் உண்டு.

நிறுவனத்தின் தலைவர் ஜூலியன் குட்மன் மன்னிப்புக் கேட்டார். அதன்பின் ஆட்டங்களை இறுதிவரை காட்டியே தீர வேண்டும் என்ற நிபந்தனை ஒப்பந்தங்களில் ஏறியது. கட்டுப்பாட்டு அறைக்குப் பொது இணைப்பகம் வழியாகப் போகாத தனித் தொலைபேசி ஒன்று வைத்தார்கள். அதற்கு 'ஹைடி போன்' என்றே பெயர். எனக்கும் இப்படியொரு பாவம் உண்டு. நான் பணியில் இருந்த ஓர் இரவு, கிரிக்கெட் ஆட்டத்தில் கடைசி ஓவரின் மூன்று பந்து மிச்சமிருக்கும்போது செய்தி நேரம் வந்துவிட்டது. நிரலில் எழுதியிருந்தபடி மாற்றினேன். அன்று வந்த அழைப்புகளில் கேட்ட வசவுகளை இங்கே எழுத முடியாது. ஆகவே கிளைனை நான் ஒருபோதும் குறை சொல்ல மாட்டேன்.

1968இன் கடைசி நல்ல கணம் வானத்திலிருந்து வந்தது. அக்டோபரில் அப்பல்லோ 7 விண்கலத் தலைவர் வாலி ஷீரா, சளி பிடித்த எரிச்சலில், முதலில் குறித்த நேரத்தில் கேமராவைப் போடவே மறுத்துவிட்டார். அதுவும் ஒரு ஸ்விட்ச் கதைதான். டிசம்பர் 24 அன்று நிலவைச் சுற்றிக்கொண்டிருந்த அப்பல்லோ 8இலிருந்து போர்மன், லவல், ஆண்டர்ஸ் மூவரும், ஜன்னலுக்கு வெளியே நிலவின் தரை நகர்ந்துகொண்டிருக்க, விவிலியத்தின் படைப்பு வரிகளை வாசித்தார்கள். சந்தர்ப்பத்துக்குப் பொருத்தமாக ஏதாவது சொல்லுங்கள் என்று மட்டும்தான் நாசா சொல்லியிருந்தது. அரசுச் செலவில் மதப்பாடமா என்று ஒருவர் வழக்குப் போட்டார்; நிற்கவில்லை.

பிறகு 1969 ஜூலை. நிலவில் இறங்கிய கதையை எல்லோரும் சொல்லிவிட்டார்கள். நான் அந்தப் படம் எப்படி வந்தது என்பதை மட்டும் சொல்கிறேன்.

அமெரிக்கத் தொலைக்காட்சிக்கு நொடிக்கு 30 சட்டகம், அதாவது 30 தனிப் படம், ஒவ்வொன்றிலும் 525 வரி வேண்டும். நிலவிலிருந்து அவ்வளவு தகவலை அனுப்ப அலைவரிசையில் இடமில்லை. ஆகவே வெஸ்டிங்ஹவுஸ் பொறியாளர் ஸ்டான் லெபாரின் குழு, நொடிக்கு 10 சட்டகம், 320 வரி மட்டும் அனுப்பும் சிறு கேமராவைச் செய்தது. எடை மூன்றேகால் கிலோ. பூமியில் அந்தப் படத்தை ஒரு மானிட்டரில் போட்டு, அந்த மானிட்டரை இன்னொரு சாதாரணக் கேமராவால் படம் பிடித்து, வீடுகளுக்கு அனுப்பினார்கள். அந்த மங்கல் நிலவில் ஏற்பட்டதைவிட இங்கே ஏற்பட்டதே அதிகம்.

கேமராவை விண்கலத்தின் பக்கவாட்டுப் பெட்டியில் தலைகீழாகத்தான் பொருத்த முடிந்தது. ஆகவே பூமியில் ஒரு ஸ்விட்சைத் தட்டிப் படத்தைத் திருப்ப வேண்டும். ஆர்ம்ஸ்ட்ராங் ஏணியில் இறங்கும்போது கலிஃபோர்னியாவின் கோல்ட்ஸ்டோன் நிலையத்திலிருந்து வந்த படம் முதலில் தலைகீழாக இருந்தது. திருப்பிய பிறகும் கறுப்பும் வெளுப்பும் அப்பிக்கிடந்தது. ஆஸ்திரேலியாவில் கான்பராவுக்கு அருகே ஹனிசக்கிள் கிரீக் என்ற இடத்தில் 26 மீட்டர் கிண்ண வடிவ ஆன்டெனா ஒன்று இருந்தது. அங்கே காட்சிப் பொறுப்பிலிருந்த எட் வான் ரெனுவார்டின் திரையில் படம் தெளிவாக வந்துகொண்டிருந்தது. ஹூஸ்டனில் இருந்த நாசாவின் கட்டுப்பாட்டு மையம் அந்தப் படத்துக்கு மாறியது. கால் தரையில் பட்ட அந்தக் கணத்தை உலகம் பார்த்தது ஹனிசக்கிள் வழியாகத்தான். ஒளிபரப்பின் ஏறத்தாழ ஒன்பதாம் நிமிடத்தில், பார்க்ஸ் என்ற ஊரின் 64 மீட்டர் வானொலித் தொலைநோக்கிக்கு நிலவு கண்ணில் பட்டது. அங்கே மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் காற்று அடித்துக்கொண்டிருந்தது. அந்த வேகத்தில் கிண்ணத்தை இயக்கவே கூடாது. இயக்கினார்கள். இரண்டரை மணி நேர ஒளிபரப்பில் மீதி முழுவதும் அதன் படம்தான் ஓடியது. பார்த்தவர்கள் 60 கோடி இருக்கும் என்று மதிப்பிடுகிறார்கள்.

அந்த 60 கோடியில் நாம் இல்லை. இந்திய நேரப்படி ஜூலை 21 காலை 8.26. அப்போது நாட்டில் தொலைக்காட்சி டெல்லியில் மட்டும்தான். வெளிநாட்டு நேரலையை வாங்குவதற்கான செயற்கைக்கோள் நிலையம் 1971இல்தான் மகாராஷ்டிரத்தின் ஆர்வியில் திறக்கப்பட்டது. சென்னைக்குத் தொலைக்காட்சி வந்ததோ 1975 ஆகஸ்ட் 15 அன்று. தமிழர்கள் நிலவுப் பயணத்தை வானொலியில் கேட்டார்கள், நாளிதழில் பார்த்தார்கள். ஆனால் அந்த வருடங்களில் நாம் சும்மா இருந்துவிடவில்லை. 1967 குடியரசு நாளன்று டெல்லியைச் சுற்றிய 80 கிராமங்களுக்காக 'கிருஷி தர்ஷன்' என்ற விவசாய நிகழ்ச்சி தொடங்கியது. விதையும் உரமும் பற்றிப் பேச, ஊர்ப் பொதுவில் ஒரு பெட்டி. 1969 செப்டம்பரில் விக்ரம் சாராபாயின் முயற்சியால், அமெரிக்கச் செயற்கைக்கோளைக் கொண்டு இந்தியக் கிராமங்களுக்கு நேரடியாக ஒளிபரப்பும் ஒப்பந்தம் நாசாவோடு கையெழுத்தானது. ஆறு ஆண்டு கழித்து அது ஆறு மாநிலங்களின் 2,400 கிராமங்களுக்குப் போய்ச் சேர்ந்தது. அந்த ஆறு மாநிலங்களில் தமிழ்நாடு இல்லை.

ஹனிசக்கிளிலும் பார்க்ஸிலும் வந்த அசல் படம், மானிட்டரை மறுபடம் எடுப்பதற்கு முந்தைய தெளிவான படம், காந்த டேப்களில் பதிவாகியிருந்தது. பல பத்தாண்டு கழித்துத் தேடினார்கள். டேப்புக்குத் தட்டுப்பாடு வந்த காலத்தில் அவற்றை அழித்து வேறு பதிவுக்குப் பயன்படுத்தியிருக்க வேண்டும் என்று 2009இல் நாசா ஒப்புக்கொண்டது. அன்று ஆஸ்திரேலிய நிலையத்தில் மானிட்டரைப் பார்த்துச் சிலர் சொந்தக் கேமராவில் எடுத்த படங்கள் மிஞ்சியிருக்கின்றன. ரெனுவார்டே ஒரு சிறு படச்சுருள் எடுத்துவைத்தார். பிபிசியும் அந்த இரவின் தன் அரங்கக் காட்சிகளைக் காக்கவில்லை. 'டாக்டர் ஹூ' தொடரின் அறுபதுகளைச் சேர்ந்த தொண்ணூறுக்கும் மேற்பட்ட அத்தியாயங்களும் இப்படித்தான் போயின. டேப் விலை அதிகம், நிகழ்ச்சி ஓடி முடிந்துவிட்டது, அழித்துவிட்டு அடுத்ததைப் பதிவு செய். அந்தக் கணக்கைப் போட்டவர்களை நான் திட்டத் தயாரில்லை, நானும் போட்டிருக்கிறேன்.

ஸ்மதர்ஸ் சகோதரர்களை மறந்துவிடவில்லை. 1969 ஏப்ரல் 4 அன்று சிபிஎஸ் அவர்களை வெளியேற்றிவிட்டது. முன்கூட்டிப் பார்வையிட டேப்பை உரிய நேரத்தில் கொடுக்கவில்லை என்பது சொன்ன காரணம். வழக்குப் போட்டு 1973இல் சுமார் 7.75 லட்சம் டாலர் வென்றார்கள். நிகழ்ச்சி திரும்பி வரவில்லை.

கடைசியாக 1969 நவம்பரில் ஒரு பத்து நாள். 10ஆம் தேதி, பொதுத் தொலைக்காட்சியில் 'செசமி ஸ்ட்ரீட்' தொடங்கியது. ஏழைக் குழந்தைகள் பள்ளிக்குப் போகும் முன்பே எழுத்தும் எண்ணும் கற்க, விளம்பரப் படங்களின் உத்தியையே கையாளலாம் என்பது ஜோன் கான்ஸ் கூனியின் யோசனை. 13ஆம் தேதி, துணை அதிபர் ஸ்பைரோ அக்னியூ டி மோய்ன் நகரில் பேசினார். நாடு எதைப் பார்க்க வேண்டும் என்பதை நியூயார்க்கிலும் வாஷிங்டனிலும் உட்கார்ந்திருக்கும் ஒரு சிறு கூட்டம், யாரும் தேர்ந்தெடுக்காத கூட்டம், முடிவு செய்கிறது என்று தொலைக்காட்சிச் செய்தியாளர்களை வறுத்தெடுத்தார். அந்தப் பேச்சை மூன்று பெரிய நிறுவனங்களும் நேரலையாகவே ஒளிபரப்பின. நான் இத்தனை நேரம் சொல்லிவரும் அந்தக் கையைத்தான் அவரும் பேசினார். அவருக்குக் கோபம் அந்தக் கை இருப்பதில் அல்ல, அது தன்னிடம் இல்லையே என்பதில் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. 15ஆம் தேதி, பிபிசியின் முதல் அலைவரிசையும் அதன் தனியார் போட்டியாளரும் முழு வண்ணத்துக்கு வந்தன.

19ஆம் தேதி அப்பல்லோ 12 நிலவில் இறங்கியது. இந்த முறை வண்ணக் கேமரா. ஆர்ம்ஸ்ட்ராங்கின் மங்கல் படத்துக்குப் பதிலாக நிலவை வண்ணத்தில் பார்க்கலாம் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். படமும் நன்றாகவே வந்தது, சிறிது நேரம். விண்வெளி வீரர் ஆலன் பீன் கேமராவை எடுத்து முக்காலியில் வைக்கும்போது அதன் கண் தவறுதலாகச் சூரியனைப் பார்த்துவிட்டது. உள்ளே இருந்த குழாய் எரிந்துபோனது. திரையில் பாதி வெளுப்பு, பாதி கறுப்பு. ஹூஸ்டனும் அவரும் என்னென்னவோ செய்து பார்த்தார்கள். கடைசியில் பீன், உலகம் முழுவதும் வீடுகளில் தொலைக்காட்சிக்கு எந்த வைத்தியம் செய்கிறார்களோ அதையே செய்தார். பாறை உடைக்கக் கொண்டுபோன சுத்தியலால் அதன் தலையில் ஒரு தட்டுத் தட்டினார். பலனில்லை.

நிறுவனங்கள் பல மணி நேரத்தை ஒதுக்கியிருந்தன, காட்டப் படமில்லை. நிலவிலிருந்து குரல் மட்டும் வந்துகொண்டிருந்தது. சிபிஎஸ், அரங்கில் மணலைப் பரப்பி விண்வெளி உடை போட்ட ஆட்களை நடக்கவிட்டது. என்பிசி, பொம்மலாட்டக் கலைஞர் பில் பேர்டின் பொம்மைகளைக் களத்தில் இறக்கியது. நாலு லட்சம் கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து உண்மையான இரண்டு மனிதர்களின் மூச்சும் பேச்சும் சிரிப்பும் கேட்க, திரையில் நூலில் கட்டிய இரண்டு பொம்மைகள் துள்ளித் துள்ளி நடந்தன.